பெரணி இலைக்கு அடியில்

அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் சமையலறை ஜன்னல் அவர்கள் தோட்டத்தைப் பார்த்து இருக்கிறது. அது வீட்டைக் கட்டியவர் செய்த வேலை.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு பாதியில் இருக்கிறார்கள். நடுவில் ஒரு கதவு. அண்ணன் மனைவி தையல்காரி. தம்பி மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். தையல்காரி பக்கம், மதிலோரமாக, வெயில் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு துண்டு நிலம். ரோஜா வைத்தாள், போயிற்று. செம்பருத்தி வைத்தாள், பூவே காணோம். கடைசியில் நர்சரிக்காரர், "நிழலோட சண்டை போடாதீங்கம்மா, பெரணி வைங்க, பூக்காது, இலைதான் அழகு" என்றார். கிழங்கை ஆழமாகப் புதைக்கக் கூடாது, மண் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. அப்படியே செய்தாள். மழைக்காலம் முடிவதற்குள் சுருண்டிருந்த தளிரெல்லாம் விரிந்து, முழங்காலுக்கு மேல் நின்றது.

தம்பி மனைவி ஒரு கொத்து கேட்டாள்.

"பிரிச்சா செத்துப்போயிடும்டி" என்றாள் தையல்காரி.

பிரித்து நட்டால் நன்றாகவே வரும் என்று நர்சரிக்காரர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு மத்தியானம், தையல்காரி இல்லாத நேரம், தம்பி மனைவி நடுக்கதவு வழியாக வந்தாள். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாத்திரை போட்டுக் கொடுக்கும் காகித உறையை அடியில் பிடித்துக்கொண்டு ஓர் இலையைத் தட்டினாள். அடுத்த வாரம் போனில் யாரிடமோ, "அக்காவுக்குத் தெரியாது. பொடி போட்டாச்சு. இனிமே காத்திருக்க வேண்டியதுதான்" என்றாள்.

இரண்டு மாதம் நான் யாரிடமும் சொல்லவில்லை. ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில் பேச்சுவாக்கில் வந்துவிட்டது.

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். "என்ன பொடி?"

"அதை நான் எப்படிம்மா கேட்க முடியும்? மருந்துக்கடையில இருக்கறவ."

இரண்டு பேரும் போய் இலையைத் திருப்பினோம். அடியில் பழுப்புப் பழுப்பாகப் புள்ளிகள்.

"மருந்து வச்சுட்டா. இன்னிக்குச் செடியில, நாளைக்குச் சோத்துல." நடுக்கதவைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும் என்று புருஷனிடம் ஒற்றைக்காலில் நின்றாள்.

"அந்தக் கதவு போச்சுன்னா என் தம்பியும் போன மாதிரிதான்" என்றார் அவர்.

"அப்ப சோத்துல வர்றப்ப சாப்பிடுங்க."

கொத்தனார் வந்து சிமெண்டைக் குழைத்தார். தையல்காரி அவருக்கும் நியாயம் சொல்ல ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். காட்டப் போனவள் தானே உற்றுப் பார்த்தாள். நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு வரிசை.

"இடைவெளி பிசகாம இருக்கே. மெஷின்ல போட்ட தையல் மாதிரி. தூவின பொடி இப்படியா விழும்?"

இன்னொன்றைத் திருப்பினாள். அதே தையல். இளசில் புள்ளி இன்னும் பச்சையாக இருந்தது.

"அடியே, இங்க வா. என்ன பொடிடி போட்ட?"

தம்பி மனைவி நடுக்கதவில் வந்து எட்டிப் பார்த்தாள். உள்ளே போய் மூடி போட்ட ஒரு டப்பாவோடு வந்தாள். ஈர மண்மேல் நகக்கண் அளவு பச்சைத் துணுக்குகள்.

"பெரணிக்கு விதை கிடையாதுக்கா. அந்தப் புள்ளியில இருக்கிற பொடிதான் முளைக்கும். கொத்து கேட்டேன், செத்துப்போயிடும்னீங்க. தானா உதிர்றதைத்தான எடுத்தேன்."

தையல்காரி டப்பாவை மோந்து பார்த்தாள். "பாசி மாதிரி இருக்கு. இது எப்ப இலை விடும்?"

"மாசக்கணக்காகும்."

"அதுவரைக்கும் உன் பக்கம் மொட்டையாவா கிடக்கும்?" மண்வெட்டியை எடுத்து, ஓரத்திலிருந்த கொத்தைக் கிழங்கோடு பிளந்து நீட்டினாள்.

"செத்துப்போயிடுமேக்கா."

"வாயை மூடிட்டு வாங்குடி. ஆழமா புதைக்காத."

அவள் கொத்தோடு நடுக்கதவு வழியாகவே போனாள்.

குழைத்த சிமெண்டு வீணாகலாமா? என் வீட்டுப் படி ரொம்ப நாளாக உடைந்து கிடந்தது. கொத்தனாரைக் கையோடு கூட்டி வந்தேன். பூசிக்கொண்டே கேட்டார்: "பொடி விஷயத்தை அந்தம்மாகிட்ட யாரு சொன்னது?"

"வேலையத்தவங்க நாலு பேர் எங்கதான் இல்ல?"

அவர் கரண்டியை நிறுத்தி, படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார்.