பின்சீட்டுக் காது

"கேக்குதா டீச்சர்?"

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியை ஒரு கட்டம் திருப்பிவிட்டுக் கணவர் கேட்டார். பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்து, மெத்தையில் காதை அழுத்திக்கொண்டிருந்தாள் அவர் மனைவி, பாட்டு டீச்சர். அதற்கு அடியில்தான் பெட்ரோல் பம்பு. சாவியைத் திருப்பியதும் ஓரிரு நொடி முனகிவிட்டு ஓயும். ஜெனரேட்டர் ரூமில் காலம் தள்ளிய அவருடைய காதுக்கு அந்த முனகல் எட்டுவதில்லை. அதனால் கார் மக்கர் பண்ணும்போதெல்லாம் கை அவருடையது, காது இவளுடையது.

இன்று பம்பு மூச்சுக்கூட விடவில்லை. எப்படி விடும்? அதன் ஃப்யூஸ் அவள் கைப்பையில் இருந்தது.

"கேக்குது," என்றாள்.

"நல்லா கேக்குதா?"

"அதான் கேக்குதுங்கறேன்ல!"

அவர் ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. "பம்பு ஓடுது, பெட்ரோல் வருது. அப்போ கரண்ட்லதான் கோளாறு," என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார்.

காரை வாங்க பேக்கரிக்காரர் வந்துகொண்டிருந்தார். விற்கச் சொன்னதே அவள்தான். "இந்த டப்பாவ எப்பத் தொலைக்கப் போறீங்க?" என்று வருஷக்கணக்காக நச்சரித்தவள். போன வாரம் அவர் ஏதோ பரிசு கொடுப்பவர்போல முகமெல்லாம் பூரித்து, "பேசி முடிச்சாச்சு. புது வண்டியில இந்தத் தொல்லையே இல்ல. நீ இனிமே பின்னால படுக்கவே வேண்டாம்" என்றார். அன்று இரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளுடைய காது அப்பாவுக்குத் தேவைப்படாதபடி வீட்டில் ஒவ்வொன்றாக மகள் ஏற்பாடு செய்திருந்தாள். அழைப்புமணிக்குப் பதில் விளக்கு எரிந்தது. டிவியில் எழுத்து ஓடியது. எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் மாலைகள் போயின. இந்த ஓட்டை வண்டிக்குள் மட்டும்தான் அவர் இன்னும் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்து, கேக்குதா என்று கேட்டார்.

முன்னால் அவர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் கையசைக்கும்போதெல்லாம் அவள் முன்னால் எட்டிச் சாவியைத் திருப்பினாள்.

"எல்லாத்துலயும் பொறி பளிச்சுன்னு வருது," என்றார். "எனக்குத்தான் புத்தி மங்கிடுச்சுபோல."

அவளுக்குச் சுருக்கென்றது. தன்னைச் சந்தேகப்படுகிறாரே தவிர, இவளுடைய காதைச் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

அவர் ஒரு பிளக்கை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். விரலால் அதன் முனையைத் தடவினார். பிறகு வந்து பின்கதவைத் திறந்தார்.

"நகரு."

நகர்ந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இவ்வளவு சுத்தியும் பிளக் காய்ஞ்சு கிடக்கு. பெட்ரோல் வாசனையே இல்ல." பிளக்கை அவளிடம் காட்டினார். "உன் காது ஒரு தடவகூடத் தப்பினதில்லையே, டீச்சர்."

அவள் கைப்பையைத் திறந்து ஃப்யூஸை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"விக்க வேண்டாம்னு வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"தொலைங்க தொலைங்கன்னு கத்தின வாய். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல?"

"ஃப்யூஸப் புடுங்க மட்டும் மூஞ்சி இருந்துச்சா?"

"கத்துக் குடுத்தது யாராம்?"

அவர் தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதுவும் முழுசாக வரவில்லை. "புது வண்டில எங்கிட்ட என்ன கேப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். அவர் அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதா இல்லையா, தெரியவில்லை.

வாசலில் ஒரு வேன் வந்து நின்று மெதுவாக ஹாரன் அடித்தது. அவருக்கு எட்டவில்லை. சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள்.

"வந்துட்டார்," என்றாள்.

"ஹாரன் கேக்குதா?"

"கேக்குது. சத்தியமா."

"இன்னொரு தடவ அடிக்கட்டும்."

இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்து பின்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. தூக்கிய பானெட் முன்கண்ணாடி முழுவதையும் மறைத்திருந்தது. அடியில் ஒரு விரல் அகல இடுக்கில் தெரு தெரிந்தது. அங்கே வேனின் சக்கரம் அசையாமல் நின்றது. கிரீஸ் அவள் புடவையில் பட்டுவிடாமல் கையைத் தன் முழங்கால்மேல் ஒதுக்கி வைத்திருந்தார். அவள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.