சிட்டு போன முகாமில் நான் இல்லை

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொல்லி முடித்ததும் அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எழுதப்போறியா?"

"இல்லக்கா."

"உன் மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

ஆக, இந்தக் கதையில் முதலில் சந்தேகிக்கப்பட்டவன் நான்தான். மற்றவர்கள் பிறகு வருகிறார்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'சிட்டு சாரணியர் படையில் சேர்ந்த அன்று வானம்...' (வேண்டாம். வானத்துக்கு இங்கே வேலையில்லை.)

சிட்டு, அக்காவின் ஒரே மகள். பதினொரு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை, பேச்சு அபூர்வம். நீச்சல் வகுப்பில், "மத்த பேரன்ட்ஸ் ஏதாவது சொல்லுவாங்களே" என்று இழுத்தார்கள். ஓவிய வகுப்பில், "அடுத்த பேட்ச்ல பாக்கலாம்" என்றார்கள். அந்தப் பேட்ச் இன்றுவரை வரவில்லை. 'இல்லை' என்ற சொல் அக்காவுக்குப் பழகிப்போயிருந்தது. பழகாதது 'சரி'.

சாரணியர் படையை நடத்துகிறவர் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு பெண். பிள்ளைகளுக்கு அவர் விசில் டீச்சர். அக்கா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்ல, அவர் மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே, "அதுக்கென்ன, கூட்டிட்டு வாங்க" என்றார்.

கேட்டவுடன் கொடுக்கிறவர்களை அக்கா நம்புவதில்லை.

3

அவள் சந்தேகம் வீண்போகவில்லை என்பதுதான் கொடுமை.

பெரிய மனிதர்கள் பார்வையிட வரும் நாளில் சிட்டு முன்வரிசையில் நின்றாள், கையில் கொடியோடு. போட்டோ எடுத்தார்கள். மற்ற சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கூடாரம் அடிக்க, சிட்டுவுக்கு மரத்தடியில் ஒரு நாற்காலி. மைதானத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில், ஜெராக்ஸ் எடுக்க எதுவுமில்லாமல் நின்று அக்கா இதைப் பார்த்தாள். பிறகு நேரே உள்ளே போனாள்.

"எம்பொண்ணு என்ன, வர்றவங்களுக்குக் காட்டுற பொம்மையா?"

(இங்கே விசில் டீச்சரை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவர் அழவில்லை.)

"போட்டோவுக்கு நிறுத்தினது தப்புதாங்க. ஆனா மரத்தடி அதுக்காக இல்ல. சுத்தியல் சத்தம் அவளுக்கு ஆகாதுன்னு நெனச்சேன். அவ வந்ததுலேர்ந்து நான் விசிலே ஊதுறதில்ல. கையைத்தான் தூக்குறேன்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"அவதான் பேசமாட்டாளே."

"பேசமாட்டா. ஆனா சொல்லுவா."

அடுத்த வாரம் டீச்சர் ஒரு மரச்சுத்தியலையும் காதை மூடும் ஹெட்போனையும் நாற்காலி முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார். சிட்டு வெகுநேரம் பார்த்தாள். ஹெட்போனை மாட்டினாள். முளையைக் கோணலாக அடித்தாள், பிடுங்கினாள், மறுபடி அடித்தாள். கயிற்றைப் பிடித்திருந்த பிள்ளை, "கை வலிக்குது சிட்டு, சீக்கிரம் அடி" என்று சலித்துக்கொண்டது. அந்தச் சலிப்புதான் தனக்குப் பிடித்தது என்றாள் அக்கா. அதில் இரக்கம் இல்லையாம்.

4

இந்த இடத்தில் நான் ஒரு முகாம் எழுதினேன். மழை. ஒரு சின்னப் பெண் காணாமல் போகிறாள். எல்லோரும் தவிக்க, சிட்டு மட்டும்... அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"ஏன்டா, அவ யாரையாவது காப்பாத்தினாத்தான் சேத்துப்பீங்களா? மத்த புள்ளைங்கல்லாம் யாரைக் காப்பாத்திட்டு உள்ள வந்துச்சுங்க?"

கிழித்துப் போட்டேன்.

5

நடந்தது இவ்வளவுதான். முகாம் அறிவித்தார்கள். அக்காவும் வருவதாகச் சொன்னாள்.

"நீங்க வந்தா அவ உங்ககூடத்தான் இருப்பா" என்றார் டீச்சர். "அவளை மட்டும் விடுங்க."

தான் பார்க்கக்கூடாத எது அங்கே இருக்கிறது என்று அக்கா கேட்கவில்லை, நினைத்தாள். அதற்குள் சிட்டு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வந்தவள் தலைமுடியில் புகை வாடை. முட்டியில் சிராய்ப்பு, அதன்மேல் ஒழுங்கான பிளாஸ்திரி.

"எல்லாம் நல்லபடியா போச்சு" என்றார் டீச்சர். கசப்பு மருந்தைக் கொடுக்கும்போதும் அவர் குரல் அப்படித்தான் இருக்கும்.

சிட்டுவோடு ஒரே கூடாரத்தில் இருந்த பிள்ளைகளை அக்கா பிடித்துக்கொண்டாள். "சிட்டு அங்க என்னம்மா பண்ணா?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருத்தி உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. எல்லோரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள்.

"அது டென்ட் ரகசியம் ஆன்ட்டி."

சிட்டுவும் சிரித்தாள். தரையைப் பார்த்தபடி, கொஞ்சம் தாமதமாக.

6

அவளோடு சிரித்தார்களா, அவளைப் பார்த்துச் சிரித்தார்களா?

அக்கா இதை என்னிடம் எத்தனையோ விதமாகக் கேட்டுவிட்டாள். அடுத்த சனிக்கிழமை யாரும் சொல்லாமலே சிட்டு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். "போகணும்னு நிக்கிறா. அது போதுமாடா?" என்றாள் அக்கா.

'அவளோடுதான் சிரித்தார்கள்' என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். அவ்வளவு சுலபமாக வருகிற வரி என்பதாலேயே அதன்மேல் எனக்கு நம்பிக்கையில்லை. அந்தக் கூடாரத்துக்குள் நான் இருக்கவில்லை.

நீங்கள் இருந்திருக்கிறீர்கள். கூடாரமாக இல்லாவிட்டால் ஒரு பள்ளிக்கூட பெஞ்சு, ஒரு வேன். உங்கள் பக்கத்தில் பேசாத ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. நீங்களும் ஒருநாள் சிரித்தீர்கள். அது எந்தச் சிரிப்பு என்பது உங்களுக்குத் தெரியும்.

சொல்லுங்கள். அக்காவிடம் அப்படியே போய்ச் சொல்கிறேன்.