திரையின் வலது ஓரம்

சங்கராந்தி வந்தால் டிவியில் அந்தப் பழைய படகுச் சினிமா வரும். ராஜமந்திரியில் சீதாபதியின் வீட்டில் பண்டிகைச் சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஆற்றங்கரைப் பாட்டு தொடங்கினால் போதும், அவர் மனைவி நூகரத்னம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள். குடத்தோடு வரிசையாய் நிற்கும் பெண்களில் தானும் ஒருத்தி என்பாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஊர்ப் படித்துறையில்தான் அதை எடுத்தார்களாம். பச்சைத் தாவணி கட்டியிருந்தாளாம். ஆனால் டிவியில் தெரிவது நாலே பெண்கள். அதில் அவள் இல்லை.

சீதாபதியின் தங்கை பாப்பாயம்மா இதை விடுவாளா? வீட்டில் யார் எதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும், "இதுவும் அண்ணி நடிச்ச படமா?" என்பாள். சீதாபதியும் சேர்ந்து சிரிப்பார். வருடம் போகப் போக, அந்தப் பாட்டு வரும் நேரத்தில் நூகரத்னத்துக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இந்த வருடம் படத்தைப் புதுப்பித்துத் தியேட்டரில் போட்டார்கள். பாப்பாயம்மாதான் டிக்கெட்டோடு வந்து நின்றாள். முழங்கால் வலிக்கிறது, பெசரட்டு தோசைக்குப் பயறு ஊறுகிறது என்று நூகரத்னம் சொன்ன எதுவும் எடுபடவில்லை. படியிறங்கும்போது கணவரிடம் மட்டும் மெல்லச் சொன்னாள்.

"ஏங்க, அந்தப் பாட்டு வந்தா நான் கண்ண மூடிக்குவேன். டிவியில பாத்துப் பாத்து எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. தியேட்டர்லயும் இல்லேன்னா, நான் அந்தப் படித்துறையில நின்னதே பொய்னு ஆயிடும்."

ஏதோ சின்னப் பெருமைக்குச் சொல்கிறாள் என்றுதான் அவர் இத்தனை நாள் நினைத்திருந்தார். தியேட்டர் வரைக்கும் அவள் கையை விடவில்லை.

விளக்கு அணைந்ததும் திரையில் கோதாவரி வந்தது. பாலத்தின் மேலிருந்து தினமும் பார்க்கிற ஆறுதான். ஆனால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அது விரிந்தபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிவியில் படகு மட்டுமே தெரிந்த இடத்தில் இங்கே இரு பக்கமும் மணல்திட்டு, நாணல், தூரத்தில் மலைகள். டிவிப் பெட்டிக்குள் அடங்க வேண்டுமென்று எவ்வளவை வெட்டியிருக்கிறார்கள்! அப்படியென்றால் படித்துறையிலும் வெட்டியிருப்பார்களோ?

பாட்டு ஆரம்பித்தது. நூகரத்னம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

படித்துறையில் அந்த நாலு பெண்கள். அவர்களைத் தாண்டியும் வரிசை நீண்டது. திரையின் வலது ஓரத்தில், கடைசிப் படியில், பனைமர உயரத்துக்கு ஒரு பெண் நின்றாள். பச்சைத் தாவணி, இடுப்பில் குடம். ஈரப்படியில் கால் வழுக்க, சமாளித்து நின்று சிரித்தாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய அந்த முன்பற்களை அவருக்குத் தெரியாதா? ஆனால் அந்தப் பெண்ணை அவர் இதுவரை பார்த்ததில்லை. அவர் அவளைச் சந்திப்பதற்கு முன்பே இவ்வளவு அழகாய் ஒரு காலை அவளுக்கு விடிந்திருக்கிறது.

"அண்ணி..." என்றாள் பாப்பாயம்மா. குரலில் கேலியே இல்லை.

பல்லவி திரும்பினால் படித்துறையும் திரும்பும் என்பது அவருக்கு மனப்பாடம். மனைவியின் முகத்திலிருந்து முந்தானையை விலக்கி, மோவாயைத் தொட்டு நிமிர்த்தினார்.

"ரத்னம், பாரு. ஓரத்துல."

அவள் பார்த்தாள். அவ்வளவு உயரத்திலிருந்து அந்தப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட நூகரத்னத்துக்குத் தோன்றவில்லை.

"எவ்ளோ ஒல்லியா இருந்திருக்கேன், பாத்தீங்களா?" என்றாள் கடைசியில்.

பாப்பாயம்மா அதற்குள் பின்வரிசைப் பக்கம் திரும்பி, முன்பின் தெரியாத யாரையோ எழுப்பாத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பச்சைத் தாவணி எங்க அண்ணிங்க. இன்னொரு தடவ வரும். வலது ஓரம், கண்ண எடுத்துடாதீங்க."