பதினான்கு பாட்டுகளும் ஓர் இரும்புக் கதவும்

1

முந்நூற்றுத் தொண்ணூற்றாறு மணி நேரம். நவம்பர் ஒன்று முதல் டிசம்பர் இருபது வரை என் அம்மா கிறிஸ்துமஸ் பாட்டுக் கேட்ட நேரம் இது. இந்தக் கதை பிறந்தது இந்த எண்ணிலிருந்துதான். ஏதாவது அழகான காட்சியிலிருந்து பிறந்திருந்தால் சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்திருக்கும். இல்லை. ஒரு தாளின் பின்பக்கத்தில் போட்ட பெருக்கல் கணக்கு.

அம்மாவுக்கு ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலை. நாளுக்கு ஒன்பது மணி நேரம். இந்த ஐம்பது நாளில் ஆறு நாள் விடுப்பு. அம்மாவின் தலைக்கு நேர்மேலே கூரையில் ஒரு ஸ்பீக்கர். அது பதினான்கு பாட்டுகளை நாற்பத்தெட்டு நிமிடத்தில் பாடி முடித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதாவது ஒவ்வொரு பாட்டையும் அம்மா நானூற்றுத் தொண்ணூற்றைந்து தடவை கேட்டிருக்கிறாள். (சரிபார்த்துவிட்டேன். நீங்களும் பார்க்கலாம்.)

2

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனி மூடிய அந்த மாலையில், தொலைவில் எங்கோ ஒரு மணி—"

அன்று பனி இல்லை. தொலைவில் ஒலித்தது மணியும் அல்ல, பின்பக்கமாக வந்துகொண்டிருந்த ஒரு லாரி.

இரண்டாவது முறை:

"ஒலி என்பது காற்றின் அழுத்தத்தில் ஏற்படும் மாறுபாடு. அதன் அதிர்வெண்—"

இதற்கு ஐந்து மதிப்பெண் கிடைக்கும். வாசகர் கிடைக்கமாட்டார். நான் இயற்பியல் படித்தவள். இப்போது ஒரு பரிசோதனைக் கூடத்தில் குடிநீரைச் சோதிக்கிறேன். அங்கே என்னை 'மியூட்' என்று கூப்பிடுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேராகவே. மறுத்துச் சொல்லமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது முறை:

"என் அப்பா ஒரு பிடிவாதக்காரர்."

இந்த வாக்கியம் முழுதாக வந்தது. ஆனால் இது அம்மாவுடைய வாக்கியம். பொய் என்று எனக்குத் தெரியும். அடித்துவிட்டேன்.

3

அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. பெரிய இயந்திரத்தின் பக்கத்தில் இருபத்தாறு ஆண்டுகள். அது சரியாக ஓடுகிறதா இல்லையா என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று பெயர். அங்கே அவரை 'டாக்டர்' என்பார்கள். அந்தப் பட்டம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டு வாசலில் பலகை மாட்டவில்லை, அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்குப் போனால் மதியம் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பார். டிசம்பர் வந்துவிட்டால் உடனே பாட்டுப் பெட்டி. பெரிய ஸ்பீக்கர் இரண்டு, சின்ன ஸ்பீக்கர் இரண்டு, பதினொரு கிறிஸ்துமஸ் இசைத்தட்டுகள். அவற்றில் மிகப் பழைய தட்டின் மூன்றாம் பாட்டு அவருக்கு உயிர். அது முடியும்போது, பாடியவர்கள் எல்லாரும் ஓய்ந்த பிறகு, ஒரு சின்ன மணி மூன்று தடவை ஒலிக்கும். மெல்லிய, கூர்மையான மணி. ஒவ்வொன்றுக்கும் அப்பா ஆள்காட்டி விரலைத் தூக்குவார். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டியா?" என்பார். எனக்கு நான்கு வயதிலிருந்தே இது நடக்கிறது. கேட்டேன் என்று நான் தலையை ஆட்ட வேண்டும். ஆட்டியிருக்கிறேன்.

4

நான்கு ஆண்டுக்கு முன் அம்மா பில் போடப் போனாள். அந்த டிசம்பரில் வீட்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அம்மா வீட்டில் இருக்கும்போது கிறிஸ்துமஸ் பாட்டுக் கூடாது. மூன்றிலிருந்து ஏழு வரை அப்பாவின் நேரம். ஏழு மணிக்குக் கீழே இரும்புக் கதவு சாத்தப்படும் சத்தம் வரும். அப்பா பெட்டியை அணைப்பார். முப்பத்திரண்டு படி ஏறி அம்மா உள்ளே வரும்போது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார், மதியத்திலிருந்தே அதைத்தான் செய்துகொண்டிருப்பவர்போல.*

* அந்தக் கதவு சாதாரணமாகச் சாத்தினால் சத்தமே போடாது. எண்ணெய் விட்டது நான்தான். அம்மா வேண்டுமென்றே அதை அடித்துச் சாத்துவாள், அவர் அணைத்துக்கொள்ள அவகாசம் தருவதற்காக. இந்த டிசம்பர் வரை இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவர்களுடைய திருமணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததிலேயே நல்ல செய்தி இது. அதனால்தான் அடிக்குறிப்பில் ஒளித்துவைத்தேன்.

5

இந்த டிசம்பர் ஐந்தாம் தேதி அம்மா உள்ளே வந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டும் குமிழ் பதினாறில் நின்றது. (போன வருடம் ஒன்பது.)

"கீழ்க் கதவை மூணு தடவை அடிச்சேன்" என்றாள் அம்மா. "கீழ் வீட்டுக்காரர் திருடன்னு நெனச்சு கட்டையோட வெளிய வந்துட்டார். நீங்க அசையல."

அப்பா பெட்டியை அணைத்தார். "பாட்டு நல்லா இருந்துச்சு."

"எனக்கு மண்டைக்குள்ளயே ஓடுதுங்க அது. பில்லைக் கிழிச்சா அதுக்குத் தாளம் போட்டுக் கிழிக்கிறேன். வீட்டுக்கு வந்தா இங்கயும் அதேவா? வேணும்னே பண்றீங்க."

அப்பா கொஞ்ச நேரம் வெங்காயத்தைப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "வேணும்னேதான் பண்றேன்."

இந்த வசனத்தை மூன்று தடவை அடித்து மூன்று தடவை திரும்ப எழுதினேன். செய்யாத தப்பை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? கதையில் இப்படி எழுதினால் நம்பமாட்டார்கள். ஆனால் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன், பாத்திரம் கழுவிக்கொண்டு, இல்லாததுபோல.

ஆறாம் தேதியும் இதேதான். ஏழும் எட்டும்கூட.

6

அம்மா பாத்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். வாசகர்கள் அவளைச் சண்டைக்காரி என்று நினைத்துவிடுவார்கள். சமநிலைக்காக ஒன்று சேர்க்கிறேன்: அம்மா குளிக்கும்போது கடையில் ஓடும் பதினான்கில் ஏழாம் பாட்டைப் பாடுகிறாள். தெரியாமல். நடுவில் நினைவு வந்ததும் "சீ" என்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர். பிறகு மறுபடி ஏழாம் பாட்டு, விட்ட இடத்திலிருந்து.

அந்தப் பாட்டு எங்கள் வீட்டுத் தட்டில் இருப்பதைவிட அவள் பாடும்போது நன்றாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்ல நினைத்திருக்கிறேன். நான் சொல்ல நினைத்தவற்றைத் தொகுத்தால் தனிப் புத்தகமே வரும்.

7

டிசம்பர் ஒன்பதாம் தேதி நான் ஒரு சோதனை செய்தேன். அன்று எனக்கு விடுமுறை.

நோக்கம்: எழுதவில்லை.

செய்முறை: அப்பா வருவதற்கு முன் சின்ன ஸ்பீக்கர் இரண்டின் வயரையும் கழற்றினேன். மெல்லிய, கூர்மையான ஒலிகள் அவற்றிலிருந்துதான் வரும். மூன்றாம் பாட்டைப் போட்டுப் பார்த்தேன். பாடியவர்கள் ஓய்ந்தார்கள். மணி ஒலிக்கவில்லை. மறுபடி போட்டேன். இல்லை.

மூன்று மணிக்கு அப்பா வந்தார். கைகால் கழுவினார். தட்டைப் போட்டார். நான் சோபாவின் ஓரத்தில் புத்தகத்தோடு இருந்தேன். பாட்டு முடிந்தது. வீட்டில் நிசப்தம். அந்த நிசப்தத்தில் அப்பா விரலைத் தூக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. சரியான இடைவெளி. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டியா?"

தலையை ஆட்டினேன்.

முடிவு: இதையும் எழுதவில்லை. இந்தக் கதையில் ஒரு சொல்லை நான் இதுவரை பயன்படுத்தவே இல்லை. கதை இதைப் பற்றித்தான் என்றாலும். வேண்டுமானால் பின்னால் போய்த் தேடிப் பாருங்கள். உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். தயவுசெய்து அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். சொல்ல வேண்டியது நான்.

(இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளாக அப்பா என்னிடம், "வாய்க்குள்ளயே முனகாதே, வாயத் தொறந்து பேசு" என்று சொல்லி வருகிறார். என் குரல்தான் தேய்ந்துகொண்டே போகிறது என்று நினைத்து, குளியலறையில் செய்தித்தாளை உரக்கப் படித்துப் பயிற்சி எடுத்தேன். அந்த ஒன்பதாம் தேதி, வயரைத் திரும்ப மாட்டும்போது எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. 'அப்பாடா, தப்பு என்னுடையதில்லை' என்ற சந்தோஷம். கதாநாயகிக்கு இது அழகல்ல. அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

8

பதின்மூன்றாம் தேதி அம்மா அறிவித்தாள்.

"தம்பிகிட்ட சொல்லிட்டேன். இருபதாம் தேதி வந்து இந்தப் பெட்டிய எடுத்துட்டுப் போறான். முடியாதுன்னா சொல்லுங்க, நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேன். புது வருஷம் கழிச்சுத்தான் வருவேன்."

அப்பா சண்டை போடுவார் என்று நினைத்தேன். பேரம் பேசுவார், பன்னிரண்டிலாவது வைத்துக்கொள்கிறேன் என்பார் என்று நினைத்தேன்.

"எடுத்துட்டுப் போகட்டும்" என்றார்.

அம்மாவே அதை எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தவள் முகம் அப்படி இருக்காது. 'டாக்டர்' பெட்டியைக் கொடுத்துவிடுவார், மூன்றாம் பாட்டைக் கொடுத்துவிடுவார், பிடிவாதக்காரர் என்ற பெயரையும் வாங்கிக்கொள்வார். அந்த ஒரு சொல்லை மட்டும் வாங்கிக்கொள்ளமாட்டார்.

9

இன்று இருபது. இப்போது மணி ஏழு இருபது. அம்மா வந்துவிட்டாள். (கதவை அடிக்கவில்லை. இன்று சாதாரணமாகச் சாத்தினாள்.) மாமா ஏழரைக்கு வருவார். எனக்குப் பத்து நிமிடமும் சில முடிவுகளும் இருக்கின்றன.

முடிவு அ: நான் ஒரு கடிதம் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுகிறேன். எனக்கு மிகவும் பொருத்தமான முடிவு. யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. ஆனால் முதலில் படிப்பது அப்பாவாக இருந்தால் அதைக் கிழித்துவிடுவார். வேணும்னே.

முடிவு ஆ: மாமாவின் வண்டி பழுதாகிறது. கிறிஸ்துமஸ் அற்புதம். அடுத்த வாரம் சரியாகிவிடும்.

முடிவு இ: அம்மா தானாகவே கண்டுபிடிக்கிறாள், கண்கலங்குகிறாள், ஏழாம் பாட்டைப் பாடுகிறாள், அப்பா விரலைத் தூக்கி— வேண்டாம். எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முடிவு ஈ: இதற்குமேல் வாசகர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது. பெரிய எழுத்தாளர்கள் பலர் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கு மாமா வருவதில்லை.

அழைப்பு மணி அடிக்

10

(மீதியை மறுநாள் எழுதினேன்.)

மாமா எங்கே நுழைந்தாலும் அந்த அறை சிறியதாகிவிடும். குனிந்து ஒவ்வொரு வயராகப் பிடுங்கினார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தட்டுகளைத் துணியால் துடைத்து ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தான், ரிமோட் எங்க?"

அப்பா துடைத்தார்.

"அத்தான், இதுக்கு ரிமோட் இருந்துச்சே?"

அப்பா அடுத்த தட்டை எடுத்தார்.

"பாத்தியாடா?" என்றாள் அம்மா. "பதில் சொல்லக்கூட மனசில்ல. நாலு வருஷம் ஒழுங்கா இருந்த மனுஷன். இப்ப என்மேல என்ன வந்துச்சு? நான் என்ன பண்ணேன்?"

கடைசிக் கேள்வியில் குரல் உடைந்தது. நான் இதை எழுதிவைத்திருக்கவில்லை. என் எந்த முடிவிலும் இந்தக் கேள்வி இல்லை. அவள் உண்மையாகவே கேட்டாள்: தான் என்ன பண்ணினோம் என்று.

"அம்மா, அப்பா வேணும்னு பண்ணல" என்றேன்.

"வேற எதுக்குப் பண்றாராம்?"

சொன்னேன். மூன்று சொற்கள். என் வழக்கமான குரலில்.

மாமா வயரைக் கீழே வைத்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தாள், அதற்கும் கீழே, முப்பத்திரண்டு படிகளுக்குக் கீழே இருக்கும் இரும்புக் கதவைப் பார்ப்பவள்போல.

"அப்போ நான் அந்தக் கதவை..." என்றாள். (முடியாத இந்த வாக்கியம் என்னுடையது அல்ல.)

அறையில் எல்லாருக்கும் கேட்டிருந்தது, ஒருவரைத் தவிர. அப்பா பையை மூடிவிட்டுத் திரும்பினார். மாமாவின் முகம், அம்மாவின் முகம், என் முகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதோ நடந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது.

"என்ன? என்ன சொன்ன?" என்றார். "வாய்க்குள்ளயே முனகாதே பாப்பா. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லு."

மூச்சை இழுத்தேன். கீழ் வீட்டுக்காரர் கட்டையோடு வெளியே வரும் அளவுக்குக் கத்தினேன்:

"அப்பா, உங்களுக்குக் காது கேக்கல!"