மாவு பூசிய சாடி

“மாவு பூசி மூடுறதுக்கு அது இன்னா பிரியாணி தேக்சாவாய்யா?”

என்று ஜொவிட்டா கேட்ட வேளையில், கீழ்க்கடல்மேல் கார்முகில் திரண்டு, அடையாற்றுக் கழிமுகத்து நாரைகள் கரைசேர்ந்து, இராசா அண்ணாமலைபுரத்துத் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாய் விழிதிறக்க, மழையில் நீராடிய மாலை நகரைத் தழுவிக்கொண்டிருந்தது. அவ்வழகு எதுவும் அவள் கண்ணிற் படவில்லை. அடுக்களையெங்கும் திராட்சைச் செந்தேறல் பரந்து, வாயில் கடந்து, படிவழியே இறங்கிக்கொண்டிருக்க, பிளந்த பீங்கான் சாடியருகே அவள் கணவன் ஹென்றி துடைதுணியோடு குனிந்து நின்றான்.

தன் தங்கை ஜூலியட்டின் மணநாளில், மணமக்கள் உதட்டில் முதலில் படுவது தன் கைத்தேறலே என்று மணமகன் வீட்டார்முன் சொல்லியிருந்தாள் ஜொவிட்டா. கருங்கொடிமுந்திரியாகிய கருந்திராட்சையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஈரமற்ற கையாற் பிசைந்து, சருக்கரையும் கோதுமையும் கூட்டிச் சாடியிலிட்டு, நாள்தோறும் மரத்துடுப்பாற் கிளறிவந்தாள். பொங்கியடங்கும் வரை சாடிவாய்க்கு மெல்லிய துணி மட்டுமே கட்டுவது அவர்கள் வீட்டு முறை. திருமணமோ அடுத்த மாதம். மீண்டும் இட்டுத் தெளியவைக்க நாள் போதாது.

அன்று காலை அவள் கோயிற் பாடற்குழுவுக்குச் சென்ற வேளை பார்த்து வந்த அடுக்ககச் செயலர் கபாலி, படிக்கட்டெல்லாம் கள்ளுக்கடையாய் நாறுவதாகவும், சாடியை மூடாவிடில் குடியிருப்போர் கூட்டத்திலேயே பேசப்போவதாகவும் சொல்லிச் சென்றிருந்தார். பிறர் முகஞ்சுளிக்கப் பொறாத ஹென்றி, மூடியிட்டு, விளிம்பெங்கும் மாவு பூசி, மேலே அம்மிக்கல்லையும் ஏற்றிவிட்டான். உள்ளே பொங்கிய காற்று, போக்கிடமின்றி முட்டி முட்டிச் சாடியையே பிளந்தது.

பிசுபிசுத்த செருப்போடு கபாலி மீண்டும் வந்தார். “இன்னாம்மா, வழியெல்லாம் ஒரே நாத்தம்?”

“போன கிறிஸ்மஸுக்கு, இருமலுக்கு நல்லதுன்னு ரெண்டாவது கிளாஸ் கேட்டு வாங்குனீங்களே சார். அப்ப மணந்துச்சு, இப்ப நாறுதா?”

அவர் தம் செருப்பையே பார்த்தார். “அவர வுடு, மூடுனது நான்தானே” என்று முணுமுணுத்தான் ஹென்றி.

“ஊரு மூஞ்சி கோணக்கூடாதுன்னு எந்தலையில கல்ல வெச்சிட்டியேய்யா.”

மணநாளில் கடையில் வாங்கிய தேறலே கிண்ணங்களில் நிறைந்தது. முன்வரிசையிலிருந்து கபாலி நீட்டிய கிண்ணத்தை, காணாதவள்போலன்றி நன்கு கண்டே கடந்து சென்றாள் ஜொவிட்டா. ஹென்றியோ தன் கிண்ணத்தை நீட்டவேயில்லை. விருந்தினரை அவமதித்தாளென்று உறவினர் இன்றும் பேசுகின்றனர். பொங்குவதன் வாயை மூடச்சொன்னவருக்கு வார்க்க மறுத்த அக்கை பிழைசெய்ததா? கற்றறிந்த நண்பரே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?