மாலை விழுந்த படங்கள்

வெறுங்கையோடு ஒரு விழாவுக்குப் போய்க் கணேசலிங்கத்துக்குப் பழக்கமில்லை. லண்டன் இல்ஃபோர்டில் பூக்கடை வைத்திருக்கிற மனுசன். கோயிலோ கலியாணமோ செத்தவீடோ, அந்தப் பக்கத்தில் இவர் கட்டுகிற மாலைதான். சர்வதேசக் கலைக் கண்காட்சியில் செனகல் நாட்டு அறை மகள் தனுஷியாவின் பொறுப்பு என்று தெரிந்ததும், யாரும் கேளாமலேயே ஒரு பெட்டி நிறையச் செவ்வந்தி மாலை கட்டிக்கொண்டு, திறப்புவிழாவுக்கு முதல்நாளே ரயிலேறிவிட்டார்.

தனுஷியா தலையில் கைவைத்தாள்.

"அப்பா, இஞ்ச ஒருத்தருக்கும் மாலை போடுறேல்லை. போடுறதுக்கு ஆளுமில்லை. படம் கீறின மரியாமாவுக்கு விசா குடுக்கேல்லை. அவ ஊரில இருந்து போனிலதான் பாக்கப்போறா."

உள்ளே யாரோ கூப்பிட, "ஒண்டையும் தொடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினாள். தகப்பனின் குணம் தெரிந்த பிள்ளை அவரைத் தனியே விட்டுவிட்டுப் போயிருக்கக்கூடாது.

அறையைச் சுற்றிவரப் பழைய மீன்பிடி வள்ளங்களின் பலகைகள் நின்றன. அவற்றில் நீலமும் மஞ்சளுமாக அள்ளிப் பூசி இளம் பெடியன்களின் முகங்களைத் தீட்டியிருந்தாள் மரியாமா. ஒருத்தன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். ஒருத்தன் தொப்பியைக் கோணலாக வைத்திருந்தான். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே ஒரு சின்ன விளக்கு எரிந்தது. படம், அதற்குக் கீழே விளக்கு. நம்மவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? கணேசலிங்கத்துக்கு மனம் கரைந்துவிட்டது. ஆர் பெற்ற பிள்ளைகளோ, ஒரு பூக்கூட இல்லாமல் நிற்கிறார்களே என்று, பலகைகளில் துருத்திக்கொண்டிருந்த ஆணிகளில் ஒவ்வொரு மாலையாகத் தொங்கவிட்டார். கண்ணை மூடிக் கும்பிட்டார்.

திரும்பி வந்த தனுஷியா மறுபடியும் தலையில் கைவைத்தாள். கூட வந்த அவளுடைய மேலதிகாரிப் பெண்ணுக்கோ ஒரே புளுகமும் சந்தோசமும். அற்புதம், அற்புதம் என்று படமெடுத்துக் கண்காட்சியின் இணையப் பக்கத்தில் போட்டாள், மரியாமாவுக்கும் அனுப்பினாள்.

"எப்ப பிள்ளை இவை மோசம்போனவை?" என்று கேட்டார் கணேசலிங்கம்.

"ஆர் சொன்னது செத்துப்போனவை எண்டு? ஸ்பெயினுக்கு வள்ளத்தில வெளிக்கிட்ட பெடியள். ஒரு தகவலும் இல்லை. தாய்மார் இப்பவும் வாசல்ல லைற் போட்டு வச்சுப் பாத்துக்கொண்டிருக்கினம். அந்த லைற்தான் இது."

தான் போட்ட மாலைகளைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பிழையை உலகத்தில் வேறு யார் விட்டிருந்தாலும் பொறுக்கலாம். இலங்கையில் போர் முடிந்த கிழமை, வட்டுவாகலில் விசாரணைக்கென்று அவருடைய மூத்தவன் கீர்த்தனனைத்தான் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இல்ஃபோர்டுக்குப் பக்கத்தில், செவன் கிங்ஸ் வீட்டுச் சுவரில் அவன் படம் இன்றைக்கும் பூவும் விளக்கும் இல்லாமல்தான் இருக்கிறது. ஒருமுறை சொந்தக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தில் பட்டுமாலை கொண்டுவர, மனைவி சுவர்ணா அதைக் குப்பையில் போட்டாள். அந்த ஆளோடு பிறகு பேசவே இல்லை.

மாலையைக் கழற்றக் கைநீட்டினார். அதற்குள் தனுஷியாவின் போன் அடித்தது.

திரையில் மரியாமா. பக்கத்தில் ஒரு வயதான பெண், தொப்பிக்காரப் பெடியனின் தாய் பிந்தா. தன் மகனுக்குப் பூப்போட்டது யார் என்று அவள் கேட்கிறாளாம். பிந்தா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தபடி பேச, அதை மரியாமா ஆங்கிலத்தில் சொன்னாள். பெரிய ஊரில் என் பிள்ளையை மாப்பிள்ளை மாதிரி வைத்திருக்கிறார்கள். வந்ததும் இதைக் காட்டுவேன். கண்காட்சி முடியுமட்டும் கழற்றவேண்டாம் என்று சொல்.

"ஏன் போட்டனீங்களெண்டு கேக்கிறா, அப்பா," என்றாள் தனுஷியா.  அப்பா மாலையைக் கழற்றப் போனது ஏனென்று அவளுக்கும் விளங்கிவிட்டது.

"நல்லாயிருக்கவேணுமெண்டு போட்டனான் எண்டு சொல்லு."

கழற்றினால் அந்தத் தாய் ஏனென்று கேட்பாள். விட்டால் பிள்ளை செத்தவனாய் நிற்பான். கணேசலிங்கத்தால் ஒன்றும் செய்ய ஏலவில்லை. வெற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

சுவர்ணா போனை வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தாள். மகள் வேலை செய்கிற கண்காட்சியென்றால் அவளும் பார்க்காமல் இருப்பாளா?

"உங்கட மாலையெல்லே இது? என்ன வடிவான பிள்ளையள். எப்ப செத்தவை?"

"தெரியாது."

"தெரியாமலோ மாலை போட்டனீங்கள்?"

"அவையின்ர தாய்மார் இப்பவும் பாத்துக்கொண்டிருக்கினம்," என்றார் அவர், சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றபடி. சுவர்ணா ஏசுவாள் என்று பார்த்தார், அவள் ஏசவில்லை. எழும்பிப் போய்ச் சுவரிலிருந்த கீர்த்தனனின் படத்தைக் கழற்றி, சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இனி இது உங்கட கைக்கு எட்டாமல் என்ர அறையில இருக்கட்டும்," என்றாள்.