தட்டினால் தண்ணீர்

துவைத்தது, அலசியது, அழுக்குத் தண்ணீரைக் குழாய் வழியே ஒழுங்காக வெளியேற்றியது. பிழிய வேண்டிய நேரம் வந்ததும் கீ கீ என்று கத்திவிட்டு, கல்லுளிமங்கன் போல நின்றுவிட்டது வாஷிங் மெஷின். உள்ளே நான்கு படுக்கை விரிப்புகள் சொட்டச் சொட்டக் கிடந்தன. வெளியே காலையிலிருந்து விடாத மழை.

நூலகரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூட நூலகத்தில் எத்தனையோ வாலுகளை அதட்டி உட்கார வைத்தவள், ஒரு இரும்புப் பெட்டியிடம் தோற்றுப்போய் நின்றாள். கணவருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. வலப்பக்கம் அசையாது, பேச்சு கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று விரிப்பாவது மாற்ற வேண்டும். மாலை நான்கு மணிக்கு நாத்தனார் வேறு வருகிறாள்.

நாத்தனார் வருவது விருந்துக்கு அல்ல. நூலகரம்மாவின் விடுப்பு இந்த வாரத்தோடு முடிகிறது. நினைவு தப்பியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் இடம் சொல்லி, அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கத்தான் வருகிறாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தம்பி என்றால் அவளுக்கு உயிர். ஆனால் அவள் எதிரிலேயே டாக்டர், "நீங்க ஒரு குதிரையா?" என்று கேட்டதற்கும் அவர் ஆமாம் என்று தலையாட்டினார், "நீங்க ஒரு மனுஷனா?" என்று கேட்டதற்கும் அதே மாதிரி ஆட்டினார். எல்லாவற்றுக்கும் ஒரே ஆட்டம். அவருக்குள் இனி யாரும் இல்லை என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நூலகரம்மா மட்டும் முடிவு கட்டவில்லை, ஆனால் காட்டுவதற்கு அவள் கையில் ஒன்றும் இல்லை.

அவர் செய்வதெல்லாம் ஒன்றுதான். இடது கையால் கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டுவார். முதல் வாரம் அவர் தட்டியபோது தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். அன்றிலிருந்து அதுவே வீட்டுச் சட்டமாகிவிட்டது. தட்டினால் தண்ணீர். குடித்துவிட்டு உடனே மறுபடி தட்டினாலும் தண்ணீர்தான். பாவம் மனுஷன், இரண்டு மாதமாக ஒரு குளத்தையே குடித்திருப்பார். விரிப்புகள் ஏன் அவ்வளவு நனைகின்றன என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

மெஷின் பழுதுபார்ப்பவரைப் போனில் பிடித்தாள். மூன்று நாளைக்கு வர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனாலும் நல்ல மனிதர், போனை வைக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். துணி அதிகமா? இரண்டை எடுத்துப் பார்த்தாள். ஒரே பக்கம் சுருண்டு கிடக்கிறதா? பிரித்துப் பரப்பினாள். மெஷின் சாய்ந்து நிற்கிறதா? ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேலே வைத்துப் பார்த்தாள், மட்டமாகத்தான் நின்றது. பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்துச் செருகினாள். ஒவ்வொரு தடவையும் பொத்தானை அழுத்த, ஒவ்வொரு தடவையும் அதே கீ கீ. கடைசியில் அவர், மோட்டார் போயிருக்கும்மா, நேரில் பார்த்தால்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

மெஷின் இருப்பது கணவரின் அறையை ஒட்டிய நடையில். ஐந்தாவது தடவை அது கத்தியபோது கட்டில் கம்பியில் 'டங்' என்று ஒரு தட்டு கேட்டது. வழக்கம்போல டம்ளரோடு ஓடினாள். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். திரும்பி வந்து பொத்தானை அழுத்தினாள். மெஷின் கத்தியது. மறுபடியும் 'டங்'. ஒன்றே ஒன்று.

எரிச்சலில் மெஷினை நிறுத்தினாள். தட்டலும் நின்றது. சந்தேகம் வந்து மறுபடி போட்டாள். 'டங்'. நிறுத்தினாள். அமைதி.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் இருபத்தெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர்தான். மேல் தளத்தில் ஒருவர், கீழே குழிக்குள் ஒருவர் என்று வேலை செய்யும்போது கத்தினால் ஒன்றும் விளங்காது. அதனால் இரும்புச் சட்டத்தில் ஸ்பேனரால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு என்றால் ஓட்டு. கல்யாணமான புதிதில் அவர் சாப்பாட்டு மேஜையில் கரண்டியால் தட்டிக் காட்டியது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

அறை வாசலில் போய் நின்றாள்.

"என்னங்க, மெஷினை நிறுத்தச் சொல்றீங்களா?"

அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவர் கையைப் பார்த்தாள். இடது உள்ளங்கையைக் கவிழ்த்து, கம்பியின் மேல் வைத்து, மெல்ல அழுத்தினார். எடுத்தார். மறுபடியும் அழுத்தினார்.

மூடுவது. எதையோ மூடுவது. லிஃப்ட் ஓடவில்லை என்று யார் கூப்பிட்டாலும் அவர் செருப்பை மாட்டும்போதே சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "மோட்டாரை அப்புறம் பாக்கலாம். முதல்ல கதவு மூடியிருக்கான்னு பாரு." கதவு முழுக்க மூடி, உள்ளே அந்தச் சின்ன ஸ்விட்ச் 'டிக்' என்று விழாதவரை எந்த லிஃப்டும் நகராது. 

மெஷினிடம் வந்தாள். மூடி மூடித்தான் இருந்தது. பொத்தானைப் போட்டுவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் வைத்து அவர் காட்டிய மாதிரியே அழுத்தினாள். 'டிக்'. உள்ளே தொட்டி மெல்லத் திரும்பியது, வேகம் பிடித்தது, வீடே அதிர ஓடியது. கட்டில் கம்பியில் 'டங் டங்' என்று இரண்டு தட்டு.

கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றாள். மூடியின் ஓரமெல்லாம், ஜன்னல் இடுக்குக்கு ஒட்டும் ஸ்பாஞ்சுப் பட்டை. ஒட்டியவள் அவள்தான், நேற்று மாலைதான். முந்தின நாள் மூடி கை நழுவி டமாலென்று விழுந்ததில் அவர் தூக்கிவாரிப்போட்டு, முகம் வெளிறிக் கிடந்தார். சத்தம் கேட்கக் கூடாது என்று இவள் பார்த்துப் பார்த்து ஒட்ட, மூடி ஒரு நூல் உயர்ந்துவிட்டது. மூடி திறந்திருப்பதாக நினைத்து மெஷின் பிழிய மறுத்திருக்கிறது. அந்த 'டிக்' வராததைக் கட்டிலில் கிடந்தபடியே கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார் மனுஷன். இவரைத்தான் யாருமே இல்லாத வீடு என்று சொன்னார்கள்.

பட்டையை உரித்து எறிந்தாள். அந்த மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒழுங்காக ஓடியிருந்தால் அது வெறும் மெஷின். மக்கர் செய்ததால் அல்லவா அவளுக்கு அவர் கிடைத்தார். நன்றி, நன்றி என்று வாய்விட்டே சொன்னாள்.

நான்கு மணிக்கு நாத்தனார் குடையும் படிவமுமாக வந்தாள். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள் நூலகரம்மா. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். நம்பவில்லை. ஆசையில் அப்படித்தான் தோன்றும், ஏமாந்து போகாதே என்றாள். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த விடுதியில் எவ்வளவு பெரிய ஜன்னல், எத்தனை நர்ஸ், வாரம் தவறாமல் தான் எப்படி வந்து பார்ப்பாள் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். நாத்தனார் வாயைத் திறந்தால் ரயில் வண்டிதான், நடுவில் ஸ்டேஷன் கிடையாது.

அவர் கையை உருவிக்கொண்டு கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன சொல்றான்?"

"நிறுத்தச் சொல்றார், அண்ணி."

"எதை?"

"உங்க பேச்சைத்தான்."

நாத்தனார் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் பேச வாயெடுத்தாள். 'டங்'. சின்ன வயதிலிருந்து இந்த வீட்டில் அவளை அப்படி அடக்கத் துணிந்தவன் ஒருவன்தான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"தம்பி, இந்த ஃபாரத்தைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

'டங் டங்.'

கிழித்தாள். பிறகு, நூலகரம்மா கேட்காமலேயே சொன்னாள்:

"நீ வேலைக்குப் போம்மா. பகல்ல நான் வந்து உக்காந்துக்கறேன். அவன் நிறுத்துன்னா நிறுத்திக்கறேன்."

நூலகரம்மா அவள் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நாத்தனார் டீ போடச் சமையலறைக்குப் போனாள். நூலகரம்மா நடையில் விரிப்புகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அறையிலிருந்து சத்தம் வந்தது. டங், டங், டங். இரண்டு மாதமாக அவர் அதிகம் தட்டியது அந்த மூன்றைத்தான்.

பழக்கதோஷத்தில் கை டம்ளரை எடுத்துவிட்டது. நாலடி வைத்தவள் நின்றாள். பாதி கட்டிய ஒரு கட்டடத்தின் அடியில், சாப்பாட்டுக் கேரியரோடு அவள் நின்ற ஒரு மத்தியானம். மேலே இருட்டுக்குள்ளிருந்து இதே மூன்று தட்டு. கீழே நின்ற கூட்டாளி சிரித்துக்கொண்டே அவளிடம் சொன்னார், "மூணு தட்டுன்னா பக்கத்துல வான்னு அர்த்தம். உங்களைத்தான் கூப்பிடறார், போங்க."

டம்ளரை மெஷினின் மேல் வைத்துவிட்டு, வெறுங்கையோடு அவரிடம் போனாள்.